ஏழாம் மேசைக்கு வந்த அழைப்பு

மிசஸ் மேபல் கிரெஸ்வெல் வந்து கதவைத் தட்டியபோது, பெஸ்ஸி தன் ரேஷன் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். "சர்க்கரையே போ! வெண்ணெயே போ! மாட்டிறைச்சியே, நீயும் போ!" என்று ஒவ்வொரு தாளுக்கும் வழியனுப்பு வேறு. யுத்தத்தோடு வந்த பதினான்கு வருஷ ரேஷன் அன்றைக்குத்தான் முடிந்திருந்தது. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அது.

அவளுடைய பெரியப்பா மகள் வினிஃப்ரெட் ஹாலம், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நியூ மில்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷ வேலை. ஊர் பேசுவதையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றையும் வாயில் விடாத பெண்மணி. தேவாலய ஆர்மோனியத்தின் மிதிகட்டை காணாமல் போனபோதும், டாக்டர் வீட்டு வெள்ளை நாய்க்கு யாரோ பச்சைச் சாயம் பூசியபோதும் ஆளைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அதன்பிறகு போலீஸ் சார்ஜென்ட்கூடச் சிக்கலான விஷயம் என்றால் "மிஸ் ஹாலம் வீட்டுல ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். பெஸ்ஸிக்கு அதில் ஒரே பெருமை. மிட்டாய் ஆலையில் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்கு ஓடிவந்து, "இன்னிக்கு ஏதாச்சும் கேஸ் வந்துச்சா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

மிசஸ் கிரெஸ்வெல் உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"மிஸ் ஹாலம், என் புள்ள உயிரோட இருக்கான்."

பெஸ்ஸியின் கையிலிருந்த தாள் அடுப்புக்கு வெளியே விழுந்தது.

மேபலின் ஒரே மகன் லென். டெர்பிஷயர் பட்டாளத்தோடு சிங்கப்பூருக்குப் போனவன். அங்கே ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, சயாம் காட்டில் ரயில் பாதை போட்ட கைதிகளில் ஒருவனாகி, நாற்பத்து மூன்றில் இறந்தான் என்று சண்டை முடிந்தபிறகு தந்தி வந்தது. ஊர் நினைவுக் கல்லில் பெயர் வெட்டியாகிவிட்டது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

வினிஃப்ரெட் ஊசியைக் குத்திவைத்துவிட்டு அட்டையை வாங்கினாள். "முதல்ல உக்காருங்க. பெஸ், கெட்டிலைப் போடு. நீங்க ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

அட்டை பக்ஸ்டன் ஊர் ஹார்கோர்ட் ஹோட்டலுடையது. தங்க ஓரம் போட்டது. ஜூலை பதினாலாம் தேதி நாலு மணிக்கு, ஏழாம் மேசையில், இருவருக்கு மாலைத் தேநீர், கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது.

"பதினாலு லென்னோட பொறந்தநாள்," என்றாள் மேபல். "இது அஞ்சாவது அட்டை. ஐம்பதாம் வருஷத்துலேருந்து வருஷா வருஷம் வருது. மொதல் தடவை யாரோ வெளையாடுறாங்கன்னு நெனச்சேன். போய்ப் பாத்தா, நெஜமாவே மேசை காத்திருக்கு! வெள்ளி டீப்பாட்டு, மூணு அடுக்குத் தட்டு, பியானோ வாசிக்கிறாங்க... நம்மளையெல்லாம் அந்தப் படியில ஏத்துவாங்களா சொல்லுங்க? ராணி மாதிரி உக்கார வெச்சாங்க."

"யார் அனுப்பினதுன்னு கேட்டீங்களா?"

"கேக்காமலா? அங்க பெரிய வெயிட்டர் மிஸ்டர் பென்ரோஸ்னு ஒருத்தர். மூக்கை மேல தூக்கிக்கிட்டே பேசுவார். அவருக்கும் தெரியாதாம். ஹோட்டல் தபால் பெட்டியில யாரோ ஒரு கவர் போட்டுடறாங்க. உள்ள ரொக்கமும் என் விலாசமும். கையெழுத்து கிடையாது, தபால் தலையும் கிடையாது."

வினிஃப்ரெட் அட்டை வந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள். கவரில் இருந்த விலாசத்தையே ஹோட்டல்காரர்கள் அப்படியே எழுதி அனுப்பியிருந்தார்கள். 'மிசஸ் கிரெஸ்வெல், நீலக் கதவு வீடு, ஆல்பியன் தெரு, நியூ மில்ஸ்' என்று இருந்தது.

"அதான்! அதைப் பாருங்க!" மேபலின் குரல் உயர்ந்தது. "என் கதவு இப்ப பச்சை. வீடெல்லாம் மில்லோடது, மில்காரங்க நாப்பத்தாறுல தெரு முழுக்கப் பச்சை அடிச்சுட்டாங்க. நீலம் அடிச்சது லென். பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தின வாரம் அடிச்சான். அவனைத் தவிர யாருக்கு அது நீலக் கதவு?"

பெஸ்ஸி கெட்டிலை மறந்தே போனாள். வினிஃப்ரெட் மட்டும் அதே நிதானத்தோடு கேட்டாள்: "தட்டுல என்னென்ன வெச்சாங்க? ஒவ்வொரு வருஷமா சொல்லுங்க. எதை மிச்சம் வெச்சீங்கன்னும் சொல்லுங்க."

"மிச்சமா? அது எதுக்கு? மொதல் வருஷம் முட்டை சான்ட்விச் இருந்துச்சு. எனக்கு முட்டை அவிச்சு வெச்சா ஆகாது. சின்ன வயசுலேருந்தே தொட்டா முகம் வீங்கிடும். அப்படியே விட்டுட்டேன். அடுத்த வருஷத்துலேருந்து முட்டை வரல. வெள்ளரிக்காயும் ஹாமும்தான். போன வருஷம்..." அவள் கைக்குட்டையை எடுத்தாள். "போன வருஷம் மேல் தட்டுல என் கேக். சீமைச் சீரகம் போட்டு, அடியில ஓட்ஸ் தூவி வேக வெச்சது. எங்க அம்மா வழக்கம் அது, மிஸ் ஹாலம். இந்த ஊர்ல வேற யாரும் அடியில ஓட்ஸ் தூவ மாட்டாங்க. வாயில வெச்சதும் எழுந்து நின்னுட்டேன்."

"அச்சு அசல் உங்க கேக்கா?"

"அச்சு அசல். எலுமிச்சைத் தோல் போட்டிருந்தாங்க, நான் போடறது ஆரஞ்சுத் தோல். அது ஒண்ணுதான் வித்தியாசம்." அவள் வினிஃப்ரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தலையில அடிபட்டு நெனவு தப்பிப் போனவங்க கதையெல்லாம் பேப்பர்ல வருது இல்ல? அவன் எங்கயோ ஒளிஞ்சு நின்னு என்னைப் பாக்கிறான். நீங்க வாங்க. இந்தத் தடவை அவனைப் பிடிச்சுக் குடுங்க."

அவள் போனபிறகு பெஸ்ஸி துள்ளினாள். "வின்னி! பெரிய ஹோட்டல் டீ! கேஸும் ஆச்சு, கேக்கும் ஆச்சு! நானும் வரேன், என் பங்குக்கு நானே குடுத்துக்கிறேன்."

வினிஃப்ரெட் சிரிக்கவில்லை. "அந்தம்மா ஆசையைப் பாத்தியா பெஸ்? அது லென் இல்லேன்னு நாம கண்டுபிடிச்சோம்னா அவங்களுக்கு ரெண்டாவது தடவை தந்தி வந்த மாதிரி."

* * *

புதன்கிழமை மூன்று பேரும் ரயிலேறினார்கள். பெஸ்ஸி பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிய தொப்பியில் ஒரு செர்ரிக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிடாமல் வயிற்றைக் காயப்போட்டிருந்தாள். "மூணு தட்டுக்கு இடம் வேணுமே!" மேபல் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

ஹோட்டல் ஹாலுக்குள் நுழைந்ததும் பெஸ்ஸி வாயைப் பிளந்துவிட்டாள். தலைக்கு மேலே கண்ணாடி விளக்குகள், பித்தளைத் தொட்டிகளில் பனைச் செடிகள், கால் புதையும் கம்பளம். எங்கு பார்த்தாலும் கரண்டி கிண்கிணி ஓசை. மிஸ்டர் பென்ரோஸ் மூன்று பேரையும் எண்ணிப் பார்த்தார்.

"அட்டையில் இருவர் என்றிருக்கிறது, மேடம்."

"மூணாவது ஆளுக்கு நாங்க குடுத்துடறோம். ஒரு நாற்காலிதான் வேணும்," என்றாள் வினிஃப்ரெட். ராத்திரி பகலாக ஊர்க்காரர்களை "கொஞ்சம் இருங்க" என்று காக்கவைத்த குரல் அது. நாற்காலி வந்தது.

தட்டும் வந்தது. கீழ்த் தட்டில் ஓரம் நறுக்கிய சான்ட்விச். நடுவில் சுடச்சுட ஸ்கோன் என்ற குட்டி பன், கட்டிப் பாலாடை, ஸ்ட்ராபெரி ஜாம். உச்சியில் குட்டிக் குட்டி கேக்குகளுக்கு நடுவே சீமைச் சீரகக் கேக். மேபல் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஓட்ஸ்.

"வின்னி," பெஸ்ஸி கிசுகிசுத்தாள், வாய் நிறைய ஸ்கோனோடு. "அந்தப் பியானோக்காரனைப் பாரு. நாம வந்ததுலேருந்து இங்கயே பாக்கிறான். பியானோகிட்ட வரும்போது காலையும் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தான். பட்டாளத்தான்! அவன்தான்!"

"கொஞ்சம் பொறு."

பெஸ்ஸிக்குப் பொறுக்கத் தெரிந்தால்தானே. வாயைத் துடைத்துக்கொண்டு நேராகப் பியானோவுக்குப் போனாள். "சார், நீங்க சயாம்ல இருந்தீங்களா?"

"எதில்?" என்றார் அவர், வாசிப்பை நிறுத்தாமல். "சண்டை சமயத்தில் பிளாக்பூல் கடற்கரை நாடகக் கொட்டகையில் இருந்தேன், மிஸ். இங்கே சேர்ந்தது ஏப்ரலில்."

"பின்ன ஏன் எங்களையே பாக்கிறீங்க?"

"உங்கள் தொப்பி. அந்த செர்ரி நிஜமா என்று என் மனைவி கேட்பாள்."

முகம் சிவக்கத் திரும்பி வந்த பெஸ்ஸியிடம் வினிஃப்ரெட், "அட்டை வர ஆரம்பிச்சு அஞ்சு வருஷம். ஏப்ரல்ல வந்தவர் எப்படி அனுப்புவார்?" என்றாள். பிறகு தேநீர் ஊற்ற வந்த கோரா என்ற பரிமாறும் பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"சான்ட்விச் ரொம்ப நல்லா இருக்கு, கண்ணு. ஓரத்தையெல்லாம் நறுக்கிடறீங்களே, அதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"அதையா கேக்கிறீங்க!" கோரா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க பேக்கர் சிட் வார்டில்னு ஒருத்தர். ரொட்டி ஓரம் ஒரு துண்டு குப்பையில விழுந்தா அன்னிக்கு முழுக்க முகம் குடுத்துப் பேச மாட்டார். எல்லாத்தையும் காய வெச்சு ஜாடி ஜாடியா அடுக்கி வெச்சிருக்கார். 'ரொட்டி ராஜா'ன்னுதான் நாங்க கூப்பிடறது. திரும்பி வர்ற தட்டையெல்லாம் அவரே பாப்பார், யார் என்ன மிச்சம் வெச்சாங்கன்னு."

"ஓ." வினிஃப்ரெட் உணவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். "ரைஸ் புட்டிங் இதுல இல்லையே? எனக்கு அதுன்னா உசிரு."

"சிட் வந்ததுலேருந்து கிடையாதும்மா. நாப்பத்தொம்போதுலேருந்து. அரிசி மூட்டை சமையக்கட்டுக்குள்ள வந்தா அவர் வெளிய போயிடுவார். வாசனையே ஆகாதாம். மத்தபடி தங்கமான மனுஷன். ஹாலுக்குள்ள மட்டும் எட்டிக்கூடப் பாக்க மாட்டார்."

கோரா நகர்ந்தாள். "என்ன வின்னி, கேக் இருக்கும்போது புட்டிங் கேக்கிற?" என்று பெஸ்ஸி ஆரம்பித்தாள். அதற்குள் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். மேபல் எழுந்துவிட்டாள்.

தூண் ஓரத்தில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். மண்ணிறத் தலைமுடி, ஒரு தோள் கொஞ்சம் தாழ்வு. மேபல் கிட்டத்தட்ட ஓடினாள். அவன் சட்டைக் கையைப் பிடித்து, "லென்!" என்றாள்.

அவன் திரும்பினான். யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா மாதிரி இருந்தான். "மன்னிக்கணும், மேடம்?"

சுற்றியிருந்த மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. மிஸ்டர் பென்ரோஸ் அந்தப் பக்கம் வேகமாக வந்தார். பெஸ்ஸி முந்திக்கொண்டாள். அந்த அம்மாளின் தோளை அணைத்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அவளுக்கு இத்தனை நாள் 'கேஸ், கேஸ்' என்று குதித்தது இதற்கா என்றிருந்தது.

"வருஷா வருஷம் இப்படித்தான்," என்றாள் மேபல், தலை குனிந்தபடி. "யாராவது ஒருத்தன் முதுகு அவன் மாதிரி இருக்கும்."

வினிஃப்ரெட் தன் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "மிசஸ் கிரெஸ்வெல், இந்த அட்டையை அனுப்பறது யார்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. அது லென் இல்ல. கேக்கிற தெம்பு இருக்கா?"

மேபல் தலையை அசைத்தாள்.

"நீலக் கதவை எடுத்துக்குங்க. லென்னைத் தெரிஞ்சவங்கதான் அப்படி எழுத முடியும்னு நீங்க சொன்னது சரி. ஆனா அந்தத் தெருவுல எல்லா வீட்டுக்கும் நம்பர் இருக்கு. பெத்த புள்ளைக்குச் சொந்த வீட்டு நம்பர் தெரியாதா? எழுதினவருக்கு நம்பர் தெரியல. கதவோட நெறம்தான் தெரியும். அதுவும் லென் ஊரை விட்டுப் போனப்ப இருந்த நெறம். அதாவது, அந்த வீட்டைக் கண்ணால பாத்ததே இல்ல. லென் வாயால கேட்டவர்."

"கேட்டவரா..."

"முட்டையைப் பாருங்க. முட்டை உங்களுக்கு ஆகாதுன்னு லென்னுக்குத் தெரியாம இருக்குமா? இவருக்கு மொத வருஷம் தெரியல. நீங்க தொடாம விட்டதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டார். யார் பாக்க முடியும்? திரும்பிப் போற தட்டைப் பாக்கிறவர். தபால் தலை இல்லாத கவரும் அதையேதான் சொல்லுது. ஆள் இந்தக் கட்டடத்துக்குள்ளயே இருக்கார்."

பெஸ்ஸி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "அப்ப கேக்?"

"கேக்தான் எனக்கு ஆளைக் காட்டிக் குடுத்துச்சு. ஓட்ஸ் சரி, சீமைச் சீரகம் சரி, தோல் மட்டும் தப்பு. செய்முறை தெரிஞ்சவங்க சொல்லியிருந்தா தோல் தப்பாது. லென் அதைச் சாப்பிட்டவன், செஞ்சவன் இல்ல. 'ஏதோ பழத்தோல் வாசனை வரும்'னு சொல்லியிருப்பான். அப்படி வாய்வார்த்தையா கேட்டு இவ்வளவு கிட்ட வரணும்னா, கேட்டவர் கை தேர்ந்த பேக்கரா இருக்கணும். ரொட்டி ஓரத்தைக் குப்பையில போட மனசு வராத பேக்கர். அரிசி வாசனை ஆகாத பேக்கர். எங்க ஆபீஸ் லைன்மேன், டெட்னு ஒருத்தன், அந்தப் பக்கம் கைதியா இருந்தவன்தான். கிறிஸ்துமஸ் விருந்துல ரைஸ் புட்டிங் வந்தா எழுந்து வெளிய போயிடுவான். மூணரை வருஷம் அந்த அரிசிக் கஞ்சிதானே." அவள் குரல் தணிந்தது. "சிட் வார்டில் உங்க லென்னோட இருந்தவர், மிசஸ் கிரெஸ்வெல்."

மேபலின் முகத்தில் ஏதோ அணைந்தது. அணைந்த இடத்தில் வேறு ஏதோ மெல்லப் பற்றிக்கொள்வதையும் பெஸ்ஸி பார்த்தாள்.

"என் புள்ளகூட இருந்தவரா? இங்கயா? இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கமா?"

வினிஃப்ரெட் கோராவைக் கூப்பிட்டு, ஏழாம் மேசை அம்மா கேக் செய்தவரைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லியனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் கோரா கண்ணை அகல விரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னம்மா சொன்னீங்க அவரை? ஏழாம் மேசை அம்மான்னதும் மூஞ்சி வெளுத்துப்போச்சு! கோட்டை மாட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியா கெளம்பிட்டார். அடுப்புல கேக் இருக்கு!"

"பெஸ்," என்றாள் வினிஃப்ரெட்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பெஸ்ஸி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "மேடம்! விருந்தினர் உள்ளே போகக் கூடாது!" என்ற மிஸ்டர் பென்ரோஸைச் சுற்றி, சமையலறைத் தள்ளுகதவை இடித்துத் திறந்து, நீராவிக்கும் வாணலிக்கும் நடுவே புகுந்தாள். தொப்பி எங்கோ விழுந்தது. பின்முற்றத்தில் ஒல்லியான ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தார். கோட்டுக்குக் கீழே வெள்ளை ஏப்ரன் தொங்கியது. பெஸ்ஸி போய் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"நகரும்மா."

"நகர மாட்டேன்! என்மேல ஏத்திட்டுப் போங்க! அஞ்சு வருஷமா அந்தம்மா கண்ட முதுகையெல்லாம் தொட்டுப் பாக்கிறாங்க, தெரியுமா உங்களுக்கு? உங்க அட்டையை வெச்சுக்கிட்டு, புள்ள உயிரோட இருக்கான்னு நம்பிக்கிட்டு இருக்காங்க!"

சிட்டின் கை ஹேண்டில்பாரிலிருந்து நழுவியது. "அப்படியா நெனச்சுட்டாங்க? ஐயோ. நான் அதை நெனச்சே பாக்கலையே."

வாசற்படியில் மேபல் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வினிஃப்ரெட். சிட் நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தினம் சாயங்காலம், கேம்ப்ல கைதிங்களை எண்ணி முடிஞ்சதும், லென் எங்களையெல்லாம் வட்டமா உக்கார வெப்பான். 'மகாஜனங்களே, இன்னிக்கு பக்ஸ்டன்ல டீ'ம்பான். சின்ன வயசுல கூலி வேலையா இந்த ஹோட்டலுக்கு ஒரு பியானோ தூக்கிட்டு வந்தானாம். ஏழாம் மேசை ஜன்னல் பக்கம் வெயில் விழுமாம். அம்மாவை அங்க உக்கார வெக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பான். ஒவ்வொரு தட்டா அடுக்குவான். நான் பேக்கர்ங்கிறதால எதை எப்படிச் செய்யறதுன்னு நான் சொல்லணும். வெண்ணெயைக் கொறச்சுச் சொன்னா சண்டைக்கு வருவான்." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "என்னால முடியலேன்னா நீ உக்கார வெக்கணும்னான். செஞ்சேன். உங்க முன்னாடி வரத்தான் முடியல."

"ஏன் கண்ணு?"

"இன்னொண்ணும் சத்தியம் வாங்கிக்கிட்டான். அவன் பசியோட இருந்தான்னு அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு. நீங்க மொதல்ல அதைத்தானே கேப்பீங்க? எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

மேபல் படியிறங்கி வந்து, மாவு ஒட்டிய அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல படமெல்லாம் பாத்தவதான் நான். அது எனக்குத் தெரியும். அதை நான் கேக்கப் போறதில்ல. நீ சொல்லவும் வேண்டாம், சத்தியம் அப்படியே இருக்கட்டும். வேற ஒண்ணு கேக்கிறேன். அந்த டீயை அடுக்கும்போது அவன் சிரிப்பானா?"

சிட் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "சிரிப்பானாவா? காவக்காரன் வந்து உதைக்கிற அளவுக்குச் சிரிக்க வெப்பான்மா! இல்லாத டீப்பாட்டைத் தூக்கிக்கிட்டு, மூக்கை மேல தூக்கிக்கிட்டு, 'சர்க்கரை ஒண்ணா ரெண்டா, மேடம்?'னு தாடி வளந்த எங்க ஒவ்வொருத்தனையா கேப்பான். ஒருத்தன் ஒருநாள் ஸ்கோன் ஆறிப்போச்சுன்னு புகார் குடுத்தான். அவன்கிட்ட லென் ரெண்டு நாள் பேசல!"

மேபல் சிரித்துவிட்டாள். அழுகையும் சேர்ந்து வந்ததில் மூக்கு ஒழுகியது. வினிஃப்ரெட் கைக்குட்டை கொடுத்துவிட்டு, அவசரமில்லாமல், "கேக் தீயுது," என்றாள். சிட் பாய்ந்து உள்ளே ஓடினார்.

ஐந்து நிமிஷம் கழித்து, ஏப்ரனோடு அந்த ஹாலுக்குள் முதல்முறையாக அவர் நுழைந்தபோது மிஸ்டர் பென்ரோஸ் குறுக்கே வந்தார். "வார்டில்! ஊழியர்கள் இங்கே..."

"இவர் என் விருந்தாளி," என்றாள் மேபல். "இவருக்கு ஒரு கோப்பை கொண்டாங்க. சர்க்கரை எத்தனைன்னு கேட்டு ஊத்துங்க."

பென்ரோஸ் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கோப்பையை அவரே கொண்டுவந்தார், கேட்டே ஊற்றினார்.

அதன்பிறகு அந்த மேசையில் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. எலுமிச்சைத் தோலுக்காக மேபல் சிட்டைக் கடிந்துகொண்டாள், "அவன்தான் மஞ்சத் தோலுன்னான்!" என்று சிட் அடித்துப் பேசினார், பெஸ்ஸி இருவருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் ருசிபார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக முன்வந்தாள். பியானோக்காரர் அவளுடைய தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்து, செர்ரி நிஜமில்லை என்று உறுதிசெய்துகொண்டார்.

"அந்த வட்டத்துல எத்தனை பேர் இருப்பீங்க?" என்று கேட்டாள் மேபல்.

"ஏழு பேர். நாலு பேர் திரும்பி வந்தோம். ஆர்ச்சி ஸ்பூனர் மாட்லாக்ல தச்சு வேலை. வில்ஃப்னு ஒருத்தன் டெர்பியில ரயில்வேல. இன்னொருத்தன் எங்க போனான்னே தெரியல. பேர் ஜெத்ரோ கீன்."

"அவங்களுக்கு டீ யார் வெச்சாங்க?"

சிட் கோப்பையைக் கீழே வைத்தார். யாரும் வைக்கவில்லை என்று அவர் முகம் சொன்னது.

"மூணு பேரையும் கூட்டிட்டு வா. வர்ற ஞாயித்துக்கிழமை, என் வீட்டுக்கு. கேக்கை நான் செய்யறேன், நீ பக்கத்துல நின்னு பாரு."

"ஜெத்ரோவை எங்கேன்னு தேடுவேன்?"

வினிஃப்ரெட் கைப்பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள். "கீன். ரெண்டு 'ஈ' போட்டா, ஒண்ணா? கடைசியா எந்த ஊர்ல இருந்தார்?"

பெஸ்ஸி துள்ளி எழுந்தாள். "வின்னி! அடுத்த கேஸ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.